துக்க வீட்டுக்கு யார் வருவார்கள்?

அன்புள்ள தோழருக்கு,

உங்கள் நீண்ட கடிதம் கிடைத்தது. கடவுள் உண்டா இல்லையா என்று நீங்கள் எழுதியிருக்கும் பக்கங்களில் நமக்குள் வழக்கு ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில், இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கும் கேள்விக்கு நேராக வந்துவிடுகிறேன். கோயிலுக்குப் போவதை நிறுத்திய பிறகு சாமி இல்லாத குறை தெரியவில்லை, கூட நின்ற ஜனங்கள் இல்லாத குறைதான் தெரிகிறது என்கிறீர்கள். நாளைக்கு வீட்டில் ஒரு சாவு விழுந்தால் யார் வந்து நிற்பார்கள் என்று கேட்கிறீர்கள். உங்களைப் போன்ற நாத்திகர்கள் கூடினால் பேசிக் கலைவதைத் தவிர என்ன செய்வீர்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதைக் கேட்காமலே பலர் எங்களிடம் வந்து, நாலு கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு வராமல் நின்றுவிட்டார்கள். நீங்கள் கேட்டீர்கள், மகிழ்ச்சி. ஓர் ஊரில் நாத்திகர்கள் கூடுகிறார்கள் என்றால் அவர்களுடைய முதல் வேலை துக்க வீட்டுக்குப் போய் நிற்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேடையும் துண்டறிக்கையும் விவாதமும் அதற்குப் பிறகு வரட்டும். ஆகவே சாவிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தோழர் ஒருவர் இறந்த செய்தி வந்தால் முதலில் கிளம்புகிறவர் நன்றாகப் பேசுகிறவர் அல்லர், காரியம் தெரிந்தவர். கண்களை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சை வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். அழுகைக்கு நடுவே இதை ஞாபகமாகச் செய்ய வீட்டாரால் முடியாது, வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். கண்ணாடி போட்டவர், புரை நீக்கியவர், எண்பதைத் தாண்டியவர் என்று எவர் கண்ணையும் தரலாம் என்பதுகூடப் பல வீடுகளில் அந்த நேரத்தில்தான் முதன்முதலாகக் காதில் விழுகிறது.

உடல்தானம் இன்னும் சிக்கலானது. அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் எழுதிக் கொடுத்து வைத்திருப்பார்கள். ஆனால் கடைசியில் செல்லுபடியாவது குடும்பத்தின் சம்மதம். மகனோ மனைவியோ மாட்டேன் என்றால் படிவம் வெறும் காகிதம். படிவமே எழுதாதவர் உடலையும் குடும்பம் விரும்பினால் கொடுக்கலாம். விபத்து, காவல்துறை வழக்கு, பிரேதப் பரிசோதனை என்று வந்துவிட்டால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். ஆகவே எங்கள் குழுவில் படிவம் வாங்கித் தருவதோடு நிறுத்துவதில்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே அவர் வீட்டுக்குப் போய், மனைவி, மக்கள், முடிந்தால் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர், எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுகிறோம். பேசாமல் விட்ட வீடுகளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொள்ளி வைப்பது யார், எந்தச் சுடுகாடு, எத்தனையாம் நாள் காரியம் என்று பிணத்தை வைத்துக்கொண்டு பங்காளிகள் சண்டை போடுவார்கள். இறந்தவர் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது யாருக்கும் கேட்காது.

ஒரு சாவைச் சொல்கிறேன். மின்வாரியத்தில் கம்பியாளராக இருந்து ஓய்வு பெற்ற தோழர். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது, ஓய்வில் இருந்த மனிதர் தானாகவே போய்க் கம்பம் நடுகிறவர்களோடு நின்றார். அவர் இறந்த அன்று கிராமத்திலிருந்து அவருடைய அக்கா வந்தார். வாசலில் வரும்போதே கூந்தலை அவிழ்த்துவிட்டு, உள்ளே இருந்த பெண்களின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ‘தம்பி’ என்று இழுத்து ஒப்பாரியைத் தொடங்கினார். இளைய தோழர் ஒருவர் என் காதருகே வந்து, சடங்கு வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனவர் ஆயிற்றே, நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டார். நிறுத்தவே கூடாது என்றேன்.

அந்த அம்மாள் பாடியதில் என்ன இருந்தது? தம்பி சின்ன வயதில் காவேரியில் மூழ்கிப் பிழைத்தது, முதல் சம்பளத்தில் அக்காவுக்குச் சேலை எடுத்தது, புயல் ராத்திரியில் கம்பம் ஏறினது, ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டுவிட்டுத் தன் வீட்டை இருட்டாக்கியது. நடுவில் எமனுக்கு நல்ல வசவும் விழுந்தது. ஒப்பாரிக்குப் பூசாரி வேண்டாம், மந்திரம் வேண்டாம், தட்சிணை வேண்டாம். இழந்தவள் இழந்ததைச் சொல்லி அழுகிறாள். இதைவிட மனிதத் தன்மையுள்ள ஓர் இரங்கல் உரையை நாங்கள் யாரும் எழுதிவிட முடியாது. சடங்கை நீக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு துக்கத்தையும் துடைத்து வெளியே வைத்துவிடுகிற குழுவுக்குள் நான் இருக்க மாட்டேன். பறை விஷயத்தில் மட்டும் எங்களுக்குக் கண்டிப்பு உண்டு. கலையாக மேடையில் பறை அடிக்க எங்கள் பிள்ளைகளே கற்றுக்கொள்கிறார்கள். சாதிப் பேர் சொல்லி ஒருவரைக் கூப்பிட்டு, நில்லு, அடி என்று ஏவுகிற வழக்கம் எங்கள் சாவு வீடுகளில் கிடையாது.

அன்று அமரர் ஊர்தி வரை உடலைத் தூக்கியவர்களில் அவருடைய மகள்கள் முன்னால் இருந்தார்கள். மருத்துவக் கல்லூரி வரைக்கும் பெண்களே கூடப் போனார்கள். பதினாறாம் நாள் என்று கணக்கு வைக்காமல், எல்லோருக்கும் தோதான ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு வைத்தோம். மாலை போட்டுப் படத்தைத் திறந்து வைத்து, தெரிந்தவர்கள் எழுந்து தெரிந்ததைச் சொல்வது, அவ்வளவுதான் நிகழ்ச்சி. கூட வேலை பார்த்தவர், பக்கத்து டீக்கடைக்காரர், அவரிடம் தொழில் கற்ற பையன் என்று வரிசையாகப் பேசினார்கள். அக்காவையும் பேசச் சொன்னோம். மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லாதவர், ‘என் தம்பி யாரையும் ஏசினதில்ல’ என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்தப் படத்திறப்புக்கு வந்த இரண்டு குடும்பங்கள் இன்று எங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வருகின்றன. வாதத்தில் தோற்று வந்தவர்கள் இல்லை அவர்கள்.

இதில் நாங்கள் தனிப் பெருமை கொண்டாட இடமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் பெற்ற பிள்ளைகளே நெருங்கப் பயந்த உடல்களை மதம் பாராமல் எடுத்து அடக்கம் செய்தவர்களில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் (தமுமுக) தொண்டர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நம்பிக்கையிலிருந்து அந்த ஊக்கத்தை அவர்கள் பெற்றார்கள். நம்பிக்கை இல்லாமலும் அதைச் செய்ய முடியும் என்று காட்டுவது நம் பொறுப்பு.

திருமணத்துக்கு வருகிறேன். 1928இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னின்று நடத்திய மணத்திலிருந்து தொடங்கும் கதை உங்களுக்குத் தெரிந்ததே. நாற்பது ஆண்டு காலம் சட்டத்தின் கண்ணுக்கு இவை கல்யாணமாகவே படவில்லை. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம்தான் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது; அதற்கு முன் நடந்த மணங்களையும் செல்லுபடியாக்கியது. புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம். உறவினரோ நண்பரோ இருக்கும் இடத்தில், இருவருக்கும் புரிகிற மொழியில் இவரை ஏற்கிறேன் என்று சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், அல்லது தாலி கட்டலாம். இப்படிப்பட்ட மணத்துக்கு ஊரறிய அறிவிப்புச் செய்ய வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதி மாறிக் காதலித்து, உயிருக்குப் பயந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்தத் தீர்ப்பு எத்தனை பெரிய துணை என்பதை எங்கள் குழுவில் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்கள், மறுநாள் பதிவு அலுவலகத்துக்குக் கூடப் போகிறவர்கள், மாதக் கணக்கில் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறவர்கள், தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடாக நிற்கிறவர்கள் வேண்டும். மேடையில் மண உறுதிமொழி சொல்லி வைப்பது பத்து நிமிட வேலை. மீதி வேலை வருஷக் கணக்கில் நடக்கிறது.

கூடிச் சாப்பிடுவதைப் பற்றித் தனியே எழுதச் சொன்னாலும் எழுதுவேன். இதில் எனக்கு வழிகாட்டி ஆந்திரத்தின் கோரா. கோபராஜு ராமச்சந்திர ராவ் என்பது முழுப் பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கொழும்பு ஆனந்தா கல்லூரியிலும் வேலை பார்த்தவர். கடவுள் மறுப்புக்காகப் பிறகு தன் சொந்த மண்ணிலேயே கல்லூரி வேலையை இழந்தார். 1940இல் கிருஷ்ணா மாவட்டத்தில் முதுனூரு என்ற சிற்றூரில் நாத்திக மையத்தைத் தொடங்கி, 1947இல் அதை விஜயவாடாவுக்கு மாற்றினார்.

முதுனூருவில் அவரும் அவர் மனைவி சரஸ்வதியும் நடத்தியவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது பௌர்ணமி விருந்து. நிலவு வெளிச்சத்தில் எல்லாச் சாதியினரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தீண்டாமை ஊறிய ஒரு கிராமத்தில், அந்தக் காலத்தில், இதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்! பொதுக்கூட்டத்தில் சாதி ஒழிக என்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தனிப் பந்தியில் உட்கார்ந்துவிடலாம். பக்கத்து இலையில் யார் என்று தெரிந்துகொண்டே சோற்றைப் பிசைகிறபோது தப்பிக்க வழியில்லை. தங்கள் மகள் மனோரமாவைத் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த இளைஞருக்குக் கோரா தம்பதி மணமுடிக்க எண்ணியபோது, அந்தக் கல்யாணத்தைத் தன் சேவாகிராம ஆசிரமத்தில் நடத்தக் காந்தி இசைந்திருந்தார். மணநாள் வருவதற்குள் அவர் சுடப்பட்டார். 1948 மார்ச்சில், அவர் இல்லாத ஆசிரமத்தில், அந்தத் திருமணம் நடந்தது. கடவுளை ஏற்ற ஒருவரும் ஏற்காத ஒருவரும் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக ஒரே பந்தலுக்கு வர இசைந்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

எங்கள் மாதக் கூட்டமும் சாப்பாட்டோடுதான். வீட்டுக்கு ஒரு பாத்திரம் வரும். யார் வீட்டுக் குழம்பு என்று யாரும் கேட்பதில்லை, எல்லோரும் எல்லாவற்றையும் பரிமாறிக்கொள்கிறோம். ஒரு விதியை மட்டும் பெண்கள் போட்டார்கள்: பாத்திரம் கழுவுவது ஆண்கள் முறை. ஆண்கள் சோபாவில் பெண் விடுதலை பேச, பெண்கள் பின்கட்டில் டம்ளர் கழுவுகிற குழுக்களை நானே பார்த்திருக்கிறேன். அவை எதுவும் அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. அம்மா வராத இடத்துக்குப் பிள்ளைகள் வர மாட்டார்கள்.

பிள்ளைகள் என்றதும் கிரகணம் நினைவுக்கு வருகிறது. 2019 டிசம்பர் 26 காலையில் வளையச் சூரிய கிரகணம் வந்தது. கோவை, கரூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் முழு நெருப்பு வளையம். எங்கள் ஊரில் மெல்லிய பிறை. கிரகணத்தில் சாப்பிடக் கூடாது, தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போட வேண்டும், கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்பதெல்லாம் உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். நாங்கள் பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் காலைச் சிற்றுண்டி வைத்தோம். முறையான வடிகட்டிக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தோம். எக்ஸ்ரே படச்சுருள் வழியாகப் பார்ப்பது கண்ணைக் கெடுக்கும் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னோம். பிள்ளைகளுக்குக் கண்ணாடியைவிடப் பிடித்துப்போனது சல்லடை. வெயிலில் சல்லடையைப் பிடித்தால் தரையில் விழும் ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியும் ஒரு குட்டிப் பிறைச் சூரியன். வேப்பிலை இடுக்குகளின் வழியே விழுந்த வெளிச்சமும் அப்படியே, மண்ணெல்லாம் பிறை. ஏழு மாதக் கர்ப்பிணியான எங்கள் தோழி ஒருவர் அந்தப் பிறைகளின் நடுவே நாற்காலி போட்டு இட்லி சாப்பிட்டார். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறாள்.

அதே நாளில் உலக்கை ஆட்டமும் உண்டு. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினால் கிரகணம் முடியும் வரை நிற்கும், விட்டதும் விழும் என்பது ஊர் நம்பிக்கை. முதல்நாள் மாலையே கடைத்தெருவில் நாங்கள் உலக்கையை நிறுத்திக் காட்டினோம். அடியில் சமமான இரும்புப் பூண் இருக்கிறது, கை பதறாமல் நேராக விட்டால் எந்த நாளும் நிற்கும். பார்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் எங்களைத் தள்ளிவிட்டு, தானே இரண்டு தரம் முயன்று, மூன்றாம் தரம் நிறுத்தினார். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது. ‘இத்தன வருஷமா எவனும் மத்த நாள்ல நிறுத்திப் பாக்கலியே’ என்று அவரே கேட்டார். நாங்கள் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க மாட்டோம்.

மந்திரமா தந்திரமா நிகழ்ச்சிகள், தீமிதி விளக்கங்கள் எல்லாம் நீங்கள் பார்த்தவைதான், நீட்டவில்லை. அவற்றைச் செய்து காட்டும்போது கூட்டத்தில் நிற்கிற பக்தரை அவமானப்படுத்தக் கூடாது என்ற ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்த ஆபிரகாம் கோவூரும் கோராவைப் போலத் தாவரவியல் ஆசிரியர்தான். யாழ்ப்பாணத்தில் பாடம் நடத்தியவர். அற்புதம் செய்து காட்டுபவருக்கு லட்ச ரூபாய் என்று சவால் விட்டதற்காக அவரை எல்லோரும் நினைக்கிறார்கள். பேய் பிடித்தது, செய்வினை வைத்தார்கள் என்று நடுங்கி வந்தவர்களை உட்கார வைத்து, அவர்கள் மனக் கஷ்டத்தைப் பொறுமையாகக் கேட்டு அவர் தீர்த்து வைத்தது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இந்த வேலையில் ஆபத்து உண்டு. மூடநம்பிக்கை ஒழிப்புக்காக வாழ்ந்த மருத்துவர் நரேந்திர தபோல்கரை 2013 ஆகஸ்டில் புனேயில், காலை நடைக்குப் போன இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். 2017 மார்ச்சில் கோவையில், இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து நாத்திகரான ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். சிறு பிள்ளைகளின் தகப்பன் அவர். பெரியார் இயக்கம் வேர்விட்ட மண் என்பதால் நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் குழுவில் வெளியே சொல்லிக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவர்கள் உண்டு. அவர்கள் படத்தில் நிற்க மாட்டார்கள், வருகைப் பதிவில் பெயர் எழுத மாட்டார்கள். யாரும் எழுதச் சொல்வதும் இல்லை. வீட்டில் தெரிந்தால் கல்லூரிப் படிப்பு நின்றுவிடும் என்ற நிலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்குத் துணிந்து வெளியே வா என்று அறிவுரை சொல்வது எளிது. அவள் வெளியே வந்த மறுநாள் தங்க இடம் கொடுக்க முடியாதவர்கள் அந்த அறிவுரையைச் சொல்லக் கூடாது.

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். விபூதி இட்டுக்கொண்டு வந்தால் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் கூட்டத்தில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வருகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். மகனுக்காக வருகிறார்கள், சாப்பாட்டுக்காக வருகிறார்கள், பேச்சுத் துணைக்காக வருகிறார்கள். பொங்கலன்று பொதுப் பொங்கல் வைக்கும்போது பானை பொங்குகிற பதம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் யாரும் கடவுள் மறுப்புப் பேசப் போவதில்லை. அவர்களாகக் கேட்டால் சொல்வோம், மரியாதையாகச் சொல்வோம். அம்மாவை அழைத்து வாருங்கள்.

உங்கள் ஊரிலேயே ஒரு குழு தொடங்கலாமா என்ற எண்ணமும் கடிதத்தில் தெரிகிறது. தாராளமாகத் தொடங்குங்கள். மண்டபம் வேண்டாம், பேச்சாளர் வேண்டாம். கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் இருந்தால் அங்கே நாலு பேரைப் பாருங்கள். பெயர் வைப்பதிலும் தலைவர் பதவியிலும் முதல் ஆறு மாதத்தைத் தொலைத்துவிட வேண்டாம். முதல் கூட்டத்தில் எல்லோருடைய ரத்த வகையையும் எழுதி வாங்குங்கள். யார் வீட்டில் முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள், யாரிடம் கார் இருக்கிறது, நடுராத்திரி கூப்பிட்டால் யார் எடுப்பார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். விவாதத்துக்கு நேரம் தானாகக் கிடைக்கும்.

கண்தானம், உடல்தானம் பற்றிய ஒருபக்கக் குறிப்பும், எங்கள் திருமண உறுதிமொழியின் நகல் ஒன்றும் இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் கூட்டம் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை. உங்கள் ஊரிலிருந்து கடைசிப் பேருந்து எட்டரைக்கு என்று எழுதியிருந்தீர்கள். சாப்பாட்டை ஏழு மணிக்கே வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு வெங்காயம், பூண்டு ஆகுமா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோழர்